என் குரலைக் கழற்றிக் கொடு

ஜூன் 4

மதிப்பிற்குரிய மாட்டு டாக்டர் அம்மா அவர்களுக்கு,

உங்கள் கூடப்பிறந்த தம்பி எழுதுவது. போனில் பேசினால் என்ன என்று கேட்பீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் பாடம் நடத்தி முடித்துவிடுவீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். நீங்களும் எழுதியே பதில் சொல்லுங்கள், போனை எடுக்க மாட்டேன்.

உங்கள் நவீன அறுப்புக்கூடத்து வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். கிளம்பும்போது மாடியில் உங்கள் அறையில் விளக்கு எரிந்தது. ஏறி வந்து சொல்லியிருக்கலாம். வந்திருந்தால் "கொஞ்சம் அனுசரிச்சுப் போடா" என்று சொல்லியிருப்பீர்கள், நானும் தலையாட்டியிருப்பேன். அந்தப் பயத்தில்தான் திருடன் மாதிரி பின்வாசல் வழியாகப் போனேன்.

சே, "நீங்கள்" என்று எழுத எனக்கே நாக்கூசுகிறது. நீ என்றே எழுதுகிறேன். அதனால் கோபம் குறைந்துவிட்டது என்று நினைக்காதே.

நீ சொல்லித்தான் அங்கே வந்தேன். மயக்கத் துப்பாக்கியால் நெற்றியில் ஒரு அடி, மாடு நினைவிழந்து சாயும், இதயம் மட்டும் அடித்துக்கொண்டிருக்கும், அப்போது நீ ஆண்டவன் பெயரைச் சொல்லி அறு என்றாய். எனக்கு அரை மனதுதான். முறைப்படி அறுத்த இறைச்சி என்று முத்திரை கொடுக்கும் கமிட்டிப் பெரியவர்கள் செல்லும் என்று சொன்னதால் வந்தேன். முதல் சில மாதம் நானே நின்று, ஒவ்வொன்றாகப் பார்த்து, பெயர் சொல்லி அறுத்தேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அப்புறம் மேனேஜர் மாடுகள் தொங்கி வரும் சங்கிலி லைனை வேகமாக்கினார். "ஒரு ஆளால தாங்காதுண்ணே" என்று நாலு பேரைக் கத்தியோடு இறக்கினார். என்னைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு, "உங்களுக்குத் தொண்டை கட்டினா உதவும், சும்மா ஒரு தடவை பெயரைச் சொல்லிடுங்க" என்றார். அங்கே ஒலிப்பதிவுக்கு வந்தவன், "அண்ணே, இன்னொரு தடவை, கொஞ்சம் ஃபீலிங்கோட" என்றான். சிரித்துக்கொண்டே சொன்னேன், மடையன் நான்.

மறுநாள் என்னைக் கேண்டீனுக்கு அனுப்பினார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். வாய் நிறையச் சோறு. கீழே இருந்து நான் ஆண்டவன் பெயரைச் சொல்லும் சத்தம் கேட்கிறது. எழுந்து ஓடினேன். சுவரில் ஒலிபெருக்கி கத்துகிறது. கீழே நாலு பேரும் காதில் அடைப்பான் செருகிக்கொண்டு அறுக்கிறார்கள். அறுக்கிறவனுக்கும் கேட்கவில்லை, மாட்டுக்கும் நினைவில்லை. பிறகு அந்தச் சத்தம் யாருக்கு?

அந்த இடத்தில் எனக்கு வேண்டியவள் நீ ஒருத்திதான். என் குரலைக் கழற்றிக் கொடு. சம்பளப் பாக்கிகூட எனக்கு வேண்டாம், அதை மட்டும் கழற்று.

தம்பி


ஜூன் 11

தம்பி,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், இரண்டு தடவையும் எரிச்சல்தான் வந்தது. உனக்காக மேனேஜரிடம் போய்ப் பல்லைக் காட்டி நின்றவள் நான். சொல்லாமல் ஓடிப்போகிறாய், கேண்டீன்காரர் வந்து எனக்குச் சேதி சொல்கிறார். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

நேராகவே சொல்லிவிடுகிறேன். உன் பழைய அறுப்புக் கொட்டகையை மூடச் சொல்லி அறிக்கை எழுதியது நான். அதைத்தானே மனதில் வைத்துக்கொண்டிருக்கிறாய்? இன்னொரு முறை எழுதச் சொன்னாலும் எழுதுவேன், ஒரு வரியை மாற்ற மாட்டேன். ஒரே கம்பியில் வரிசையாகக் கட்டிப்போட்டிருந்தீர்கள். முதல் மாடு துடிப்பதைக் கடைசி மாடு பார்த்துக்கொண்டு நின்றது. தரையெல்லாம் வழுக்கல். அறுத்த பிறகும் நினைவு போகாமல் எழ முயன்ற ஒரு காளையை நான் இன்னும் மறக்கவில்லை. அதற்கும் நீங்கள் பெயர் சொல்லித்தான் அறுத்தீர்கள். பெயர் அதற்கு என்ன செய்தது?

இங்கே வந்து பார்த்தாய் அல்லவா? வளைந்த வழி, முன்னால் போகும் மாடு பின்னால் வருவதற்குத் தெரியாது. மயக்கும் பெட்டிக்குள் ஒன்றொன்றாக வரும். நெற்றியில் ஒரு அடியோடு அதற்கு எல்லாம் முடிந்தது, வலி தெரியாது. அதன் பிறகு ஒலிபெருக்கி கத்தினால் என்ன, நீ கத்தினால் என்ன? சுவரில் உன் குரல் இருப்பதால் எந்த மாட்டுக்கும் ஒரு நோவும் இல்லை. உன் கௌரவத்துக்காக மூன்று ஷிப்ட் ஓடும் கூடத்தில் போய்ச் சண்டை போடச் சொல்கிறாயா?

என்னால் முடியாது. தலைவலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு நல்ல வேலை ஒன்றைத் தேடு. உன் பெண்டாட்டியைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


ஜூன் 19

அக்காவுக்கு,

உன் கடிதத்தைச் சத்தம் போட்டுப் படித்தேன். உன் தம்பி பெண்டாட்டி, "உங்க அக்கா எழுதினா அடுப்பு பத்த வைக்கத் தீப்பெட்டி வேண்டாம்" என்றாள். அவள் உன் கட்சி. என்னைவிட உன்னைத்தான் அவளுக்குப் பிடிக்கும், அதுவும் என் தலையெழுத்து.

கொட்டகை விஷயத்தில் நீ எழுதியது பொய் என்று நான் எப்போதாவது சொன்னேனா? மாட்டுக்குத் தண்ணீர் காட்டணும், அதன் கண் முன்னால் கத்தியைத் தீட்டக் கூடாது, ஒன்று பார்க்க இன்னொன்றை அறுக்கக் கூடாது. எங்கள் சட்டமே அதுதான். அதை மீறியது நாங்கள். நீ என்ன செய்தாய்? சட்டத்தை ஒழுங்காகக் கடைப்பிடிங்கடா என்று எங்கள் கழுத்தைப் பிடிக்காமல் கொட்டகைக்குப் பூட்டுப் போட்டாய். சரி, அந்தக் கதை முடிந்தது.

இப்போது நான் கேட்பதற்குப் பதில் சொல். பெயர் மாட்டுக்கு என்ன செய்தது என்று கேட்டாயே. பெயர் மாட்டுக்கு இல்லை அக்கா. அது அறுக்கிறவனுக்கு. இந்த உயிர் என்னுடையது இல்லை, எடுக்க எனக்கு உரிமை இல்லை, ஆண்டவனே, உன்னைக் கேட்டு எடுக்கிறேன் என்று சொல்வது. கேட்கிறவன் மாட்டின் எதிரில் நின்று அதன் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டாமா? பார்க்காமல் கேட்டால் அதற்குப் பெயர் திருட்டு. என் குரலை வைத்து நாள் பூராவும் திருடுகிறார்கள். நான் இங்கே திண்ணையில் உட்கார்ந்து பல் தேய்க்கும்போதும் அங்கே நான் அனுமதி கேட்டுக்கொண்டிருக்கிறேன். நினைத்தால் உடம்பு எரிகிறது.

இன்னொன்று. மாட்டுக்கு வலி தெரியாது என்று அடித்துச் சொல்கிறாயே, நீ எங்கே உட்கார்ந்திருக்கிறாய்? மாடியில். தோலுரித்துக் கழுவித் தொங்கவிட்ட இறைச்சிதான் உன்னிடம் வருகிறது. அதில் நோய் இருக்கிறதா என்று பார்த்து முத்திரை குத்துகிறாய். அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் கடைசியாக எப்போது நின்றாய்? நானும் பார்க்கவில்லை, நீயும் பார்க்கவில்லை. பிறகு யார்தான் பார்க்கிறார்கள்?

ஒரு நாள் இறங்கிப் போய் நில். நின்று பார்த்துவிட்டு, அப்புறம் என்னைத் திட்டு.

தம்பி


ஜூலை 2

தம்பி,

நீ சொன்னதற்காகப் போகவில்லை. உன் வாயை அடைக்கப் போனேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

பெட்டிக்குப் பக்கத்தில் காலையில் இருந்து நின்றேன். பெரும்பாலான மாடுகள் நான் சொன்னபடியேதான் விழுந்தன. ஒரே அடி, கால் மடங்கும், கண் நிலைகுத்தும். இமையைத் தொட்டால் சிமிட்டாது. அதுதான் சோதனை. மனதுக்குள் உனக்குப் பதில் எழுதிக்கொண்டே நின்றேன். நல்ல சூடான பதில்.

மதியத்துக்கு மேல் துப்பாக்கியில் காற்றழுத்தம் குறைந்தது. சுடுகிறவருக்கும் அது தெரியும். சொன்னால் லைனை நிறுத்தணும், நிறுத்தினால் ஷிப்ட் கணக்கு உதைக்கும். அதனால் வாயை மூடிக்கொண்டு சுட்டார். ஒரு செவலைப் பசு விழுந்தது. சங்கிலியில் காலைக் கட்டித் தூக்கிவிட்டார்கள். தலைகீழாகத் தொங்கிக்கொண்டே அது தலையை நிமிர்த்தியது. நான் கிட்டே போய் இமையைத் தொட்டேன். சிமிட்டியது. என்னைப் பார்த்துச் சிமிட்டியது, தம்பி.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். ஒருவரும் திரும்பவில்லை. எல்லோர் காதிலும் அடைப்பான். அதையும் தாண்டிக் கேட்கும்படி நான் கத்தினாலும், தலைக்கு மேலே நீ கத்திக்கொண்டிருக்கிறாய். உன் குரலை மீறி என் குரல் எழும்பவில்லை. சின்ன வயதில் இருந்தே அப்படித்தானே.

ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். சங்கிலி நின்றது. கத்திகள் நின்றன. உன் குரல் நிற்கவில்லை. அது வேறு மின்கம்பியில் ஓடுகிறதாம். பசு முழு நினைவோடு தொங்குகிறது, அதற்கு எதிரில் ஒரு ஆளும் இல்லை, நீ பாட்டுக்கு அனுமதி கேட்டுக்கொண்டே இருக்கிறாய். எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. மேஜை மேல் ஏறிக் கம்பியைப் பிடித்து இழுத்தேன். ஒலிபெருக்கி சுவரோடு பெயர்ந்து வந்தது. உள்ளங்கை கிழிந்து தையல் போட்டிருக்கிறேன், கையெழுத்து கோணலாக இருப்பது அதனால்தான்.

மாற்றுத் துப்பாக்கியை எடுத்து வரச் சொல்லி இன்னொரு அடி அடித்து அதை முடித்தோம். அதற்குள் ஆன நேரத்தை நான் உனக்கு எழுத மாட்டேன்.

இதை வைத்து என்னை ஜெயித்துவிட்டதாக நினைக்காதே. மயக்கி அறுப்பதுதான் சரி. இன்றைக்கும் சொல்கிறேன், நாளைக்கும் சொல்வேன். அன்று தப்பு செய்தது துப்பாக்கி இல்லை, அவசரம். ஆனால் அந்த அவசரத்துக்குத் துணி போட்டு மூடியது உன் குரல். அந்த ஒன்றில் மட்டும் நீ சொன்னது சரி.

அக்கா


ஜூலை 8

அக்கா,

கை எப்படி இருக்கிறது? தையல் பிரிக்கும்வரை தண்ணீர் படாமல் பார்த்துக்கொள். டாக்டருக்கே வைத்தியம் சொல்கிறேன் பார்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரிக்கவும் இல்லை, ஜெயித்தேன் என்று குதிக்கவும் இல்லை. அந்தப் பசுவை நினைத்து அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. உன் தம்பி பெண்டாட்டி மட்டும், "மேஜை மேல ஏறினாங்களா? அந்த உயரத்துக்கா? சபாஷ்!" என்று கை தட்டினாள்.

நான் இங்கே சும்மா இல்லை. முத்திரைக் கமிட்டிப் பெரியவர்களிடம் போனேன். மூக்குக்கண்ணாடிப் பெரியவர்தான் தலைவர், உனக்குத் தெரியும். எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பெயர் பெயர்தானேப்பா, வாய்ல வந்தா என்ன, பெட்டியில வந்தா என்ன? பெரிய இடம், பகைச்சுக்காதே" என்றார். "அப்ப நாளைக்கு நான் செத்தா, எனக்கும் ரெக்கார்டு போட்டே பிரார்த்தனையை முடிச்சிடுவீங்களா? நீங்க யாரும் வர வேண்டாமா?" என்று கேட்டேன். அவ்வளவுதான். வாயை அடக்கவில்லை என்றால் இனி எந்த வீட்டு விசேஷத்துக்கும் அறுக்க என்னைக் கூப்பிட மாட்டார்களாம்.

கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். இப்போது தினமும் காலையில், உங்கள் கூடத்து இறைச்சி விற்கும் கடை வாசலில் நிற்கிறேன். வாங்க வருகிறவர்களிடம் ஒரே விஷயம்தான் சொல்கிறேன். "இதுக்குப் பெயர் சொன்னது நான். ஆனா இந்த மாட்டை நான் பார்க்கவே இல்ல." சிலர் திட்டுகிறார்கள். சிலர் பையை மடித்துக்கொண்டு திரும்பிப் போகிறார்கள். கடைக்காரர் என் மேல் தண்ணீர் ஊற்றினார். வெயிலுக்கு நன்றாகத்தான் இருந்தது.

ஒலிபெருக்கியைப் பிடுங்கினாயே, அத்தோடு முடிந்ததா? அவர்களிடம் இன்னொரு பிரதி இருக்குமே. அதைச் சொல்.

தம்பி


ஜூலை 15

தம்பி,

இருக்கிறது. மறுநாளே புது ஒலிபெருக்கி வந்துவிட்டது, முந்தையதைவிடப் பெரியது. உயரத்தில் மாட்டியிருக்கிறார்கள், மேஜை போட்டாலும் எட்டாது.

என்னிடம் மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். உணர்ச்சிவசப்பட்டுச் சொத்தைச் சேதப்படுத்தினேன் என்று எழுத வேண்டுமாம். "உணர்ச்சிவசப்படல. பசு முழிச்சிருந்தது, அதை எழுதுறேன்" என்றேன். மேனேஜர், "அதெல்லாம் நூத்துல ஒண்ணு டாக்டர்" என்றார். "அந்த ஒண்ணு நீங்களா இருந்தா?" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க உன்னைக் கூட்டி வந்திருக்க வேண்டும்.

நான் ஒரு முடிவு செய்திருக்கிறேன். மாடிக்கு இனி போவதில்லை. பெட்டிக்குப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டுக்கொண்டேன். ஒவ்வொரு மாட்டின் இமையையும் தொட்டுப் பார்க்கிறேன். சந்தேகம் வந்தால் பொத்தானை அமுக்குகிறேன். லைன் நின்று நின்று போகிறது, எல்லோரும் பல்லைக் கடிக்கிறார்கள். சட்டப்படி எனக்கு அந்த அதிகாரம் உண்டு, யாரும் கையைப் பிடிக்க முடியாது.

பார்க்காமல் கேட்பதுதானே உன் குறை? உன் குரல் அனுமதி கேட்கட்டும். உனக்குப் பதிலாக நான் பார்க்கிறேன். நீ கடை வாசலில் நின்று தண்ணீர் வாங்கிக் கட்டிக்கொள்ளாதே. சளி பிடிக்கும். இருவரும் சேர்ந்து ஒரு ஆள் வேலையைச் செய்தோம் என்று இருக்கட்டும். இது போதாதா?

அக்கா


ஜூலை 20

அக்கா,

போதாது.

நீ அன்பாகத்தான் எழுதியிருக்கிறாய், எனக்குத் தெரியும். படித்தபோது கண் கலங்கியது. அதற்காகச் சரி என்று சொல்ல முடியாது. என் பொய்க்கு நீ முட்டுக் கொடுக்காதே. நீ பார், நிச்சயம் பார், அந்த மாடுகளுக்காகப் பார். என் குரலைக் காப்பாற்றப் பார்க்காதே. நீ நல்லவள் என்பதற்காக அவர்கள் செய்வது சரியாகிவிடாது.

கடைகளில் வியாபாரம் படுத்துவிட்டதாம். கடைக்காரர்கள் போய்ப் பெரியவர்களைப் பிடித்து உலுக்கியிருக்கிறார்கள். வேறு வழியில்லாமல் அவர்கள் வியாழக்கிழமை கூடத்தைப் பார்க்க வருகிறார்கள். என்னைக் கூப்பிடவில்லை. நானும் வருகிறேன். காவலாளி உள்ளே விட மாட்டார். வெளியே நிற்பேன்.

பெரியவர், "பெயர் சொல்ற ஆள் எங்கே?" என்று கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று நான் உனக்கு எழுத மாட்டேன். உனக்கு வேலை இருக்கிறது, வீட்டுக் கடன் இருக்கிறது. நீ மேலே சுவரைக் காட்டினாலும் உன் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

பொய். இருக்கும்.

தம்பி


ஆகஸ்ட் 9

தம்பி,

அன்று ஊருக்குத் திரும்ப பஸ்ஸில் ஏறும்போது, "என்ன ஆனாலும் எழுது" என்றாய். எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் நிறைய ஆகிவிட்டது.

அந்த வியாழக்கிழமை, ஆள் எங்கே என்று கேட்ட பெரியவரிடம், "வாசல்ல நிக்கிறான், கூப்பிடுங்க" என்று நான் சொன்னதும் மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்க்கவில்லை. நீ உள்ளே வந்து ஒரு மாட்டின் எதிரில் நின்று, பார்த்து, பெயர் சொல்லி முடிப்பதற்குள் லைனில் மூன்று மாடுகள் தாண்டிப் போய்விட்டன. மூக்குக்கண்ணாடிப் பெரியவர் அந்த மூன்றையும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முத்திரையைத் திரும்பப் பெற்றதாக மறுவாரம் கடிதம் வந்தது. அதில் உன்னைப் பற்றி ஒரு நல்ல சொல்கூட இல்லை, எதிர்பார்த்ததுதான். விசேஷங்களுக்கு உன்னைக் கூப்பிடுவதை நிஜமாகவே நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். நீ அதை எனக்குச் சொல்லாமல் மறைக்கிறாய்.

முத்திரை போனதும் ஒரு ஷிப்டை எடுத்துவிட்டார்கள். வேலை போனவர்கள் என்னோடு பேசுவதில்லை. கேண்டீனில் நான் உட்கார்ந்தால் மேஜை காலியாகிறது. அவர்கள் கோபம் நியாயம்தான். என் மாடி அறையை வேறு டாக்டருக்குக் கொடுத்துவிட்டார்கள். "நீங்கதான் கீழேயே இருக்கப் பிரியப்படுறீங்களே" என்றார் மேனேஜர். தண்டனை கொடுத்ததாக நினைப்பு. இப்போது பெட்டிக்குப் பக்கம்தான் என் நிரந்தர இடம். துப்பாக்கியின் அழுத்தத்தைச் சுடுகிறவருக்கு முன்னால் நான்தான் பார்க்கிறேன். அவர் ஒருவர் மட்டும் எனக்குத் தேநீர் வாங்கி வருகிறார்.

நமக்குள் சண்டை தீரவில்லை, ஞாபகம் வைத்துக்கொள். மயக்காமல் அறுப்பதை நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீயும் மாற மாட்டாய். அடுத்த முறை வரும்போது நாள் பூராவும் அடித்துக்கொள்ளலாம், உன் பெண்டாட்டியையும் கூட்டி வா. அவள் என் கட்சி.

முத்திரை இல்லாத இறைச்சிக்குப் பெயர் எதற்கு என்று, நேற்று ஏணி போட்டு ஒலிபெருக்கியைக் கழற்றினார்கள். ஏணிக்குக் கீழேயே நின்றேன். பிரதிகளையும் என் கண் முன்னால் அழித்தால்தான் நகர்வேன் என்றேன். அழித்தார்கள். சுவரில் நாலு ஆணி ஓட்டை மட்டும் இருக்கிறது.

இன்று காலை முதல் மாடு வந்தபோது கூடத்தில் இயந்திரச் சத்தம் மட்டும்தான். உன் குரல் இல்லாமல் அந்த இடம் எனக்குப் பழக்கமில்லை. நீ சொல்லும் வார்த்தைகள் எனக்கும் மனப்பாடம், வாய் வரை வந்தது. சொல்லவில்லை. நம்பாதவள் சொன்னால் அதுவும் ஒலிபெருக்கிதானே. அடி விழுந்ததும் குனிந்து இமையைத் தொட்டேன். சிமிட்டவில்லை.

"பார்த்துட்டேன்" என்று சொன்னேன். சத்தமாகவே சொன்னேன்.

மேனேஜர் பின்னால் நின்றிருக்கிறார், எனக்குத் தெரியாது. "யார்கிட்ட பேசுறீங்க டாக்டர்?" என்று கேட்டார்.

"இதுகிட்டதான்" என்றேன். "அடுத்ததை மெதுவா அனுப்பச் சொல்லுங்க."

அக்கா